மன்னிப்பில் தொடங்கும் ஆங்கிலம்

பெரியவளுக்கு ஆங்கிலம் பேச வேண்டுமென்றால் எதிரில் சுவர் இருக்க வேண்டும். தெரிந்த முகம் ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வராது. வேலையில் அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. துணி துவைக்கும் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூக்குக்கு நேரே நிற்கும் சாம்பல் நிறத் தடுப்பைப் பார்த்தபடி நாள் முழுக்கப் பேசுவாள். மறுமுனையில் யாரோ காச்மூச்சென்று கத்துவார்கள். அவள் பால் ஊற்றினாற்போல் பதில் சொல்லுவாள்.

அதனால் தங்கைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் வீட்டில் ஆங்கிலப் பாடம் இப்படித்தான் நடந்தது: அக்கா சமையலறையில், தங்கை முன்னறையில், நடுவே சுவர்.

"நான் கூடப் படிக்கிற பொண்ணு. நீ வந்து பேசு," என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்.

"என்னன்னு பேச?"

"முதல்ல ஸாரி சொல்லு."

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணாட்டி என்னடி? ஸாரி சொன்னா ஆள் பாதி இறங்கிடுவாங்க. அப்பறம், காத்திருந்ததுக்கு நன்றி. அப்பறம், உங்களுக்கு என்ன உதவி வேணும். இந்த மூணும் வந்துட்டா இங்கிலீஷ் வந்த மாதிரிதான்."

சின்னவள் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளையாகச் சொன்னாள். எழுதச் சொன்னால் அவள் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுவாள். எதிரே பேசுவது புரியவும் செய்யும். வாயைத் திறக்கும்போதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அம்மா வேலை பார்க்கும் சலவைக் கடையிலேயே இஸ்திரி மேஜையில் நின்றுவிட்டவள் அவள். அந்தக் கடைக்கு மேல்தான் அவர்களுடைய இரண்டு அறைகள். கீழேயிருந்து வரும் ஆவியில் தரை எப்போதும் வெதுவெதுவென்றிருக்கும். சட்டைக் காலரோடும் படுக்கை விரிப்போடும் பேச எந்த மொழியும் தேவைப்படவில்லை. நின்றபடியே பாடப் புத்தகத்தைச் சுவரில் செருகிவைத்துப் படித்து, மூன்றாம் முயற்சியில் வேதியியலுக்கு இடம் வாங்கினாள். இடம் வாங்கியபோது இல்லாத பயம், வகுப்பு தொடங்கும் நாள் நெருங்க நெருங்க இஸ்திரி மேஜைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கூடப் படிக்கிறவங்க உன்னக் கடிச்சா தின்னுடப் போறாங்க?" என்றாள் அம்மா, விரிப்பின் இரண்டு மூலைகளை அவளிடம் நீட்டியபடி.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு வேறொரு யோசனை இருந்தது. "லிஃப்ட்டுல பாத்திருக்கியா? பத்துப் பேரு நிப்பாங்க, ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியப் பாக்க மாட்டான். எல்லாரும் கதவு மேல ஓடற நம்பரையே பாப்பான். நீயும் அப்படி எதையாவது பாத்துக்கிட்டு நில்லு. காலம் ஓடிடும்."

"நாலு வருஷமாப்பா?"

"இருவது மாடிக் கட்டடம்னு வச்சுக்கயேன்."

முதல் நாள் அவள் தன்னிடம் இருந்ததில் நல்ல வெள்ளைச் சட்டையை எடுத்து, தானே இஸ்திரி போட்டு, கறுப்புக் கால்சட்டையோடு அணிந்துகொண்டாள். மடிப்புக் கலையாத சட்டை தைரியம் தரும் என்று நினைத்தாள். கட்டடத்துக்குள் நுழைந்ததும் தைரியம் வாசலோடு நின்றுவிட்டது. தாழ்வாரமெங்கும் கும்பல் கும்பலாகப் பேச்சு. யாரும் யாரையும் முன்பின் அறியாதவர்கள்தான். ஆனால் எங்கே பிறந்தாய், எந்த அறையில் தங்கியிருக்கிறாய், அந்தப் பேராசிரியர் எப்படி என்று ஆங்கிலத்தில் பந்து எறிந்து பிடிப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழ் அதிகம் புழங்காத அந்த ஊரில், தமிழ் பேசும் குரல் ஒன்றாவது காதில் விழுமா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். விழவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

கேண்டீனில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருக்கும்போதே அவ்வளவு உயரம். மேஜைக்கு அடியில் கால் கொள்ளாமல் வெளியே நீட்டியிருந்தாள். எதிர் நாற்காலி காலி. சின்னவள் இரண்டு முறை அந்தப் பக்கம் போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை போய் நின்று, உயரக்காரியின் தலைக்கு மேலிருந்த சுவரைப் பார்த்து, மூச்சு விடாமல் சொன்னாள்:

"ஸாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ். தேங்க் யூ ஃபார் வெயிட்டிங். ஹௌ மே ஐ ஹெல்ப் யூ?"

உயரக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னுக்கு இழுத்துக் கட்டிய முடி. பிறகு முகம் மலர்ந்து, நல்லவேளை நீங்கள் வந்தீர்கள், இந்த மேஜையின் ஒரு கால் குட்டை, தேநீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது என்றாள்.

சின்னவள் மண்டியிட்டு, காகிதத்தை நாலாக மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். மேஜை நின்றது. உயரக்காரி நன்றி சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள். காலி நாற்காலி காலியாகவே இருந்தது.

அன்று மாலை சமையலறைச் சுவருக்கு அப்பாலிருந்து அக்கா கேட்டாள்: "பேசினியாடி?"

"பேசினேன்."

"அவ என்ன சொன்னா?"

"தேங்க்ஸ் சொன்னா."

"பாத்தியா? உன் அக்கா யாருன்னு நெனச்ச? புலிக்குப் பயந்தவளெல்லாம் எம்மேல வந்து படுத்துக்கலாம்."

மேஜைக் கால் கதையைச் சின்னவள் மென்று விழுங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். மறுநாள் ஒரு பையன் தாழ்வாரத்தில் திறக்காத லாக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் அருகே போனதும் வாய் தானாக மன்னிப்புக் கேட்டது. அவன் சாவியை அவள் கையில் கொடுத்தான். அவள் அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, மாற்றுச் சாவி வாங்கி வந்தாள். அதைப் பார்த்த இன்னொருத்தி கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள். வேறொருவன் வகுப்பறை மைக் வேலை செய்யவில்லை என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளைத் தேடி வந்து கூப்பிட்டான். புகார் சொல்ல வருபவர்களிடம் அவளுக்குத் திக்கவில்லை. அக்கா கற்றுக்கொடுத்த வாக்கியங்கள் சாவி பூட்டில் விழுவதுபோல் விழுந்தன. புகாரைக் கேட்டுக்கொண்டு நகரும்போது, அப்பாடா, ஒருவரோடு பேசிவிட்டோம் என்று உடம்பு லேசாகும். அடுத்த நொடி, தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று தோன்றும்.

வார முடிவில் பாதி வகுப்புக்கு அவளைத் தெரியும். அவளுக்கு "ஹெல்ப் டெஸ்க்" என்று ஒரு பெயரும் விழுந்துவிட்டது. ஒருவருக்குக்கூட அவளும் மாணவி என்று தெரியாது; கட்டடத்தில் வேலை பார்ப்பவள் என்றே நினைத்தார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஒவ்வொரு சாவிக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் பிறகு அது சொல்ல முடியாததாகிக்கொண்டே போனது. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லவும் ஆங்கிலம் வேண்டும்.

அடுத்த வாரத் தொடக்கத்தில், விரிவுரை முடிந்த கையோடு ஆய்வகப் பொறுப்பாளர் அம்மாள் மேடையில் ஏறினார். குட்டையான, கறாரான பெண்மணி; குரலில் சுண்ணாம்பு வாசனை அடிக்கும். அவர் சொன்னது இதுதான்: ஆய்வகத்தில் அமிலம் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது. மேஜையில் யாரும் தனியாக நிற்கக் கூடாது. இரண்டிரண்டு பேராக நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள். முதல் ஆய்வக வகுப்பு முடிவதற்குள் ஜோடிகளைக் கரும்பலகையில் எழுதுவேன். பலகையில் பெயர் வராதவருக்கு ஆய்வகம் இல்லை. ஆய்வகம் இல்லாதவருக்கு இந்தப் படிப்பில் இடம் இல்லை. அந்த இடத்துக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சின்னவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இடம் போனால் எங்கே திரும்புவது? அவள் நின்ற இஸ்திரி மேஜையில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். கைக்குழந்தைக்காரி, நல்ல வேலைக்காரி என்று அம்மா சொல்லியிருந்தாள். அவளைப் போகச் சொல் என்று யார் போய் முதலாளியம்மாவிடம் கேட்பது?

அன்று முன்னறையில் சுவரோரம் நின்று கேட்டாள்: "அக்கா, என்னப் பத்தி நானே சொல்லணும்னா எப்படிச் சொல்றது?"

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. "உன்னப் பத்தின்னா?"

"நான் இன்னார், இது படிக்கிறேன், எனக்குக் கூட ஆள் வேணும். இப்படி."

"எங்களுக்கு அதெல்லாம் சொல்லிக் குடுக்கலடி," என்றாள் பெரியவள். "எங்களப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேரக்கூட அவங்க வச்ச பேருதான் சொல்லணும். ஒருத்தி தனக்குத் தலைவலின்னு கஸ்டமர்கிட்ட சொல்லிட்டா, சீட்டைக் கிழிச்சுட்டாங்க."

"நீயா யோசிச்சு ஒண்ணு சொல்லேன்."

"எனக்கு வரலடி," என்றது சுவருக்கு அப்பாலிருந்த குரல். வழக்கமான கேலி அதில் இல்லை. சின்னவளுக்கு அதுதான் அதிகப் பயத்தைத் தந்தது. இத்தனை நாள் பிடித்துக்கொண்டு நடந்த கைப்பிடிச் சுவர் திடுமென்று ஒரு வாசலில் வந்து முடிந்துவிட்டாற்போல் இருந்தது.

ஆய்வக வகுப்பு பிற்பகலில். நீளமான அறை, வரிசையாகக் கறுப்புக்கல் மேஜைகள், ஓரத்தில் பெரிய கழுவுதொட்டி. எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். கோட்டு போட்டுக்கொண்டால் எல்லோரும் ஒன்றுபோல் ஆகிவிடுவோம் என்று அவள் நம்பியிருந்தாள். ஆனால் உள்ளே நுழைந்தபோதே ஜோடிகள் சேர்ந்திருந்தன. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, இதை நீ பிடி, அதை நான் ஊற்றுகிறேன் என்று பேச்சு. அவள் கால்கள் அவளைக் கழுவுதொட்டிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தின.

லாக்கர் பையன் ஒரு மேஜையில் தனியாக நிற்பதுபோல் தெரிந்தது. அவனிடம் போனாள். வாயைத் திறந்தாள்.

"ஹௌ மே ஐ ஹெல்ப் யூ?"

அந்த வாக்கியத்தை அவள் அழைக்கவில்லை, அதுவாக வந்தது. பையன் சிரித்தபடி விரிசல் விட்ட குடுவையை நீட்டி, வேறொன்று கிடைக்குமா என்றான். அவள் வாங்கிக்கொண்டு போய் அலமாரியிலிருந்து நல்ல குடுவை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் அவனுடைய ஜோடி கைகழுவிவிட்டுத் திரும்பியிருந்தான். சின்னவள் மீண்டும் தொட்டியோரம் வந்து நின்றாள். ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவே முழு வகுப்பும் இருந்தது.

பொறுப்பாளர் அம்மாள் சாக்கட்டியோடு பலகைக்குப் போனார். ஜோடி ஜோடியாகக் கேட்டு எழுதினார். பலகை நிறைந்துகொண்டே வந்தது. கடைசியில், துணை கிடைக்காதவர் யார் என்று கேட்டார். ஒரு கை மட்டும் மேலே போனது. மற்றவர்கள் தலைக்கு மேல் அரை முழம் உயரத்தில் இருந்தது அந்தக் கை. உயரக்காரியின் தோழி வேறு படிப்புக்கு மாறிவிட்டாளாம்.

"ஒருத்திதானா?" என்று பொறுப்பாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை கழுவுதொட்டியின் மேல் பட்டது. அங்கே தங்காமல் நகர்ந்தது. அப்படியானால் நீ அந்த முதல் மேஜைக்காரர்களோடு மூன்றாவதாகச் சேர்ந்துகொள் என்று சொல்லி, எழுதக் கையைத் தூக்கினார்.

அந்தச் சாக்கட்டி பலகையைத் தொட்டுவிட்டால் சின்னவளுக்கு இந்த அறையில் யாரும் மிச்சமில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"ஐ... ஸ்டூடண்ட்," என்றாள் சின்னவள்.

யாருக்கும் கேட்கவில்லை. தொட்டியில் யாரோ திறந்துவிட்டிருந்த குழாயின் சத்தத்தில் அமுங்கிவிட்டது. குழாயை மூடினாள். அறை முழுக்க அமைதியானது. அது இன்னும் மோசம். இருந்த முகங்களெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"ஐ ஆம் ஸ்டூடண்ட். நோ பார்ட்னர்."

பின்வரிசையில் யாரோ "ஹெல்ப் டெஸ்க்கா?" என்று சிரித்தார்கள். லாக்கர் பையன் சிரிக்கவில்லை. கையிலிருந்த குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொறுப்பாளர் அம்மாள் வருகைப் பட்டியலைப் புரட்டினார், அவளை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி புரட்டினார். ஆமாம் என்று தலையசைத்தார்.

உயரக்காரியின் முகம் காதுவரை சிவந்திருந்தது. சின்னவளை மண்டியிட வைத்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது வேறு. அவள் ஆங்கிலத்தில் படபடவென்று பேசினாள், சின்னவளின் காதில் அது இப்படித்தான் விழுந்தது: "மேடம், இவ நல்லவதான். ஆனா எங்கிட்ட ஸாரியத் தவிர ஒண்ணும் பேசினதில்ல. அமிலம் வச்சுக்கிட்டு வாய் திறக்காத ஆளோட எப்படி நிக்கறது? ஒருத்தர் ஊத்தினா ஒருத்தர் நிறுத்தச் சொல்லணும் இல்லையா?"

சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் வலித்தது.

பொறுப்பாளர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் ஒரு சோதனையச் செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா எழுதறேன்."

சோதனை பெரிதல்ல. நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கரைசல் சொட்டுச் சொட்டாகக் கீழேயுள்ள அமிலக் குடுவையில் விழும். குழாயைத் திருகுபவளின் கண் அளவுக் கோட்டின் மேல் இருக்கும். குடுவையைச் சுழற்றுபவள் நிறத்தைப் பார்க்க வேண்டும். நிறமற்ற நீர் வெளிர்ச் சிவப்பாக மாறும் அந்த ஒரு நொடியில் சொல்ல வேண்டும். ஒரு சொட்டுத் தாமதித்தால் அடர்ந்த சிவப்பாகிக் கெட்டுவிடும். உயரக்காரி குழாயைப் பிடித்தாள். சின்னவள் குடுவையைப் பிடித்தாள்.

சொட்டு. சொட்டு. குடுவைக்குள் சிவப்பு ஒரு கீற்றாக வந்து வந்து கரைந்தது. அவள் சுழற்றிக்கொண்டே இருந்தாள். சட்டென்று கீற்று கரையாமல் பரவியது. இதுதான், இப்போதுதான்.

"ஸாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ்..." என்று ஆரம்பித்தாள்.

அவள் அந்த வாக்கியத்தின் முனையை எட்டுவதற்குள் மூன்று சொட்டு விழுந்துவிட்டது. குடுவை ரத்தமாகச் சிவந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். உயரக்காரி குழாயை மூடிவிட்டுப் பொறுப்பாளரைப் பார்த்தாள். அவர் ஒற்றை விரலைக் காட்டினார். இன்னும் ஒரு முறை.

இந்த முறை சின்னவள் பற்களை இறுகக் கடித்துக்கொண்டாள். மன்னிப்பு வெளியே வந்துவிடாமல் இருக்க அது ஒன்றே வழி. ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப் என்று மனதுக்குள் உருப்போட்டாள். போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தச் சொல் பிடி நழுவி எங்கோ போயிற்று. தலைக்குள் ஒன்றுமில்லை. ஆங்கிலமில்லை, அக்கா இல்லை, சுவர் இல்லை. குடுவை மட்டும் இருந்தது. சொட்டு விழுந்தது. கீற்று வந்தது, போனது. வந்தது. நின்றது.

"போதும்."

குரல் பெரிதாகவே வந்துவிட்டது. சாப்பாடு பரிமாறுகிறவர் கையைத் தடுப்பதுபோல் அவளுடைய இடது கையும் குழாய்க்குக் குறுக்கே போயிருந்தது. உயரக்காரியின் விரல்கள் அந்தக் கணமே திருகியை மூடின.

பொறுப்பாளர் குடுவையை வாங்கி ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தார். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு வெளிர்ச் சிவப்பு. அவர் பலகைக்குப் போய்க் கடைசி வரியில் இரண்டு பெயர்களை எழுதினார். சாக்கட்டி தட்டும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் சின்னவள் குழாய்க்குக் குறுக்கே நீட்டிய கையை எடுத்தாள்.

"என்ன சொன்ன நீ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் உயரக்காரி.

சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். விளக்கத் தெரியவில்லை.

"என்னவா இருந்தாலும் சரி. அத விட்டுடாத. அந்த ஸாரிய மட்டும் விட்டுடு, புண்ணியமாப் போகும்."

இன்னும் ஒரு குடுவை பாக்கியிருந்தது. உயரக்காரி குழாயை நிரப்பினாள். சின்னவள் குடுவையை எடுத்தபோது உள்ளேயிருந்த நீர் விளிம்புவரை அலைந்தது. உயரக்காரி அந்தக் கையைப் பார்த்தாள்.

"பயமா இருக்கா?"

சின்னவள் அவள் தலைக்கு மேலே பார்க்க முயன்றாள். மேலே பார்க்க இடமில்லாத உயரம். முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"யெஸ்," என்றாள். "வெரி."

"எனக்கு இல்ல," என்றாள் உயரக்காரி, திருகியில் கைவைத்தபடி. "பயப்படறவ கண்ணுதான் கவனமாப் பாக்கும். அதனால நீ பாரு, நான் ஊத்தறேன்."